வாசலில் டேப்லட்டோடு வந்த பெண்ணிடம் அம்மா சொன்ன பொய்

#1 முதுநகர்வாசி | 6 ஜூலை 2024, இரவு 9.10

மக்களவைத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, இப்போது எதற்கு இந்த இழை என்று கேட்பீர்கள். விக்கிரவாண்டி இடைத்தேர்தல் வந்ததும் எங்கள் தெரு டீக்கடையில் மறுபடியும் கணிப்புப் பேச்சு கிளம்பிவிட்டது. எனக்குள் கிடந்த ஒன்றை இங்கே இறக்கி வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

மார்ச் கடைசியில் ஒரு நாள், பதினோரு மணி வெயிலில் ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட். "கருத்துக்கணிப்பும்மா, பத்தே நிமிஷம்" என்றாள். அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். வயது, படிப்பு, வீட்டில் எத்தனை பேர், ரேஷன் கார்டு என்ன கலர், எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னிக்கே தேர்தல் வெச்சா எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவீங்க?" என்றாள். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு கட்சியின் பெயரைச் சொன்னார். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கட்சிக்கு அம்மா ஓட்டுப் போட்டதே கிடையாது. ஏப்ரல் 19 அன்றும் போடவில்லை. அதை அவரே சொன்னார்.

அவள் போனதும் கேட்டேன். "எதிர்வீட்டுத் திண்ணையில உக்காந்து எழுதிட்டுத்தானே இங்க வந்தா? அவன் யாரு, வார்டு செயலாளர். நான் என்ன சொன்னேன்னு அவன் கேட்டா இவ சொல்ல மாட்டாளா? மாசாமாசம் ஆயிரம் ரூபாய் வருது. நமக்கேன் வம்பு."

ஜூன் 1 சாயங்காலம் ஆறரை மணிக்கு எல்லா சேனலிலும் பாஜக கூட்டணிக்கு 350 இடம், 370, 400 என்று ஓடியதே, அப்போது எனக்கு அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. ஜூன் 4 அன்று தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 293. பாஜக தனியாக 240. ஒரு கணிப்பு நிறுவனத்தின் தலைவர் நேரலையிலேயே கண்ணீர் விட்டார், பார்த்திருப்பீர்கள்.

என் கேள்வி இதுதான். நாடு முழுக்க எத்தனை அம்மாக்கள் எத்தனை திண்ணைகளில் இப்படிச் சொல்லியிருப்பார்கள்? இதையெல்லாம் கூட்டிப் பெருக்கி யாருக்கு என்ன லாபம்?

#2 உழவர்கரை_ஷேர்மார்க்கெட் | 6 ஜூலை, 9.34

லாபம் யாருக்கு என்று தெரியாது, நஷ்டம் எனக்கு. ஜூன் 3 திங்கட்கிழமை சென்செக்ஸ் 2,500 புள்ளி ஏறியது. கணிப்பை நம்பி வாங்கினேன். மறுநாள் 4,390 புள்ளி இறங்கியது. மனைவிக்கு இன்னும் முழுத் தொகை சொல்லவில்லை. உங்கள் அம்மாவிடம் முன்பே கேட்டிருக்கலாம்.

#3 கணக்குவாத்தியார் | 6 ஜூலை, 10.20

லாஸ்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். புள்ளியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒருவர் பொய் சொன்னதால் கணிப்பு கெட்டுப்போகாது. ஒருத்தர் இந்தப் பக்கம் மாற்றிச் சொன்னால் இன்னொருத்தர் அந்தப் பக்கம் மாற்றிச் சொல்வார், கழிந்துவிடும். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சும்மா இல்லை. ஆனால் பானையை நன்றாகக் கிளறிவிட்டு எடுத்த சோறாக இருக்க வேண்டும். மேலாகக் கிடப்பதை மட்டும் எடுத்தால் அடியில் தீய்ந்தது தெரியாது.

ஒழுங்காக எடுத்த ஆயிரம் பேர் மாதிரியில் பிழை மூன்று சதவீதம் அளவுக்கு வரும். நூறு பேர் என்றால் பத்து சதவீதம். நாடு பெரியதா, ஊர் பெரியதா என்பது இதில் அவ்வளவு முக்கியம் இல்லை, எத்தனை பேரைக் கேட்டோம் என்பதுதான் கணக்கு. இங்கேதான் எங்கள் புதுச்சேரி இடிக்கிறது. 30 தொகுதி, மொத்தம் பத்து லட்சம் வாக்காளர். தொகுதிக்குச் சராசரி 33,000 பேர். தொகுதிக்கு நூறு பேர் கேட்டால் 3,000 பேர், கேட்க ஜோராக இருக்கும். ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் பிழை பத்து சதவீதம். 2021ல் ஏனாமில் ரங்கசாமி தோற்றது 655 ஓட்டில். அதை எந்த நூறு பேர் சொல்ல முடியும்?

கடலூர் மாவட்டக்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2016ல் உங்கள் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். பதிவானது ஒன்றரை லட்சத்துக்கு மேல். மூன்று வருடம் கழித்து சிதம்பரம் மக்களவைத் தொகுதியில் அவரே 3,219 ஓட்டில் ஜெயித்தார்.

அப்புறம் ஓட்டு சதவீதத்தை இடங்களாக மாற்றுவது. அதுதான் உண்மையான கண்ணிவெடி. 2016 சட்டமன்றத் தேர்தலில் அதிமுகவுக்கும் திமுக அணிக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஒரு சதவீதம். அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும் தள்ளிவைக்கப்பட்டதால் 232 தொகுதி. அதிமுக 134, திமுக அணி 98. ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவர்களைக் கேட்டு எடுக்கும் எக்ஸிட் போல் பல திமுகவுக்குத்தான் கை காட்டின. ஒரு சதவீத வித்தியாசத்துக்கு 36 இடம் போகும் என்றால், மூன்று சதவீதப் பிழையை வைத்துக்கொண்டு எப்படி இடம் சொல்வது? சதவீதம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்களை நான் மதிக்கிறேன். அதை மட்டும் சொன்னால் டிவியில் யார் பார்ப்பார்கள் என்பது வேறு விஷயம்.

#4 முதுநகர்வாசி | 6 ஜூலை, 10.41

சார், ஒரு சந்தேகம். பொய்கள் இரண்டு பக்கமும் கழிந்துவிடும் என்கிறீர்கள். ஆனால் அம்மா பயந்தது ஆளுகிற பக்கத்துக்கு. பயந்தவர்கள் எல்லோரும் பலமான பக்கத்தைத்தானே சொல்வார்கள்? இங்கே ஒரு கட்சி, டெல்லியில் ஒரு கட்சி. எல்லாப் பொய்யும் ஒரே பக்கம் சாய்ந்தால் கழிவது எப்படி?

#5 கணக்குவாத்தியார் | 6 ஜூலை, 11.05

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அப்படிச் சாய்ந்தால் கழியாது. அதுமட்டும் இல்லை, ஆயிரத்துக்குப் பதில் பத்து லட்சம் பேரைக் கேட்டாலும் சரியாகாது.

1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை, யாருக்கு ஓட்டு என்று கேட்டு ஏறக்குறைய ஒரு கோடி அட்டைகள் அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் பதில் வந்தது. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் என்பவர் ஜெயிப்பார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளினார். முகவரி எடுத்தது டெலிபோன் புத்தகத்திலும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலும். பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? அதே தேர்தலில் காலப் என்பவர் சுமார் 50,000 பேரை மட்டும் கேட்டுச் சரியாகச் சொன்னார். இரண்டே வருடத்தில் அந்தப் பத்திரிகையே மூடப்பட்டது. நம் சேனல்கள் எதுவும் மூடப்படுவதில்லை என்பதையும் கவனிக்கவும்.

ஆனாலும் நல்ல பயிற்சி பெற்ற களப்பணியாளர் போனால் மக்கள் உண்மை சொல்வார்கள் என்பது என் நம்பிக்கை.

#6 பலாச்சுளை | 7 ஜூலை, காலை 6.50

வணக்கம். நான் அந்தப் "பயிற்சி பெற்ற களப்பணியாளர்". பண்ருட்டி பக்கம். மூன்று தேர்தலுக்கு வேலை பார்த்திருக்கிறேன். முதுநகருக்கு வந்தது நான் இல்லை, அண்ணே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயிற்சி என்றால் ஒரு கல்யாண மண்டபத்தில் அரை நாள். எப்படி வணக்கம் சொல்வது, எந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது, டேப்லட்டை எப்படி சார்ஜ் போடுவது. பார்முக்கு 40 ரூபாய், ஒரு நாளைக்கு 20 பார்ம். ஒரு பார்மில் 45 கேள்வி. காட்டில் களை எடுப்பவர்களிடம் 45 கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இந்த வருடம் கடலூர் தொகுதியில் நடந்த ஒரு கூத்து. டேப்லட்டில் சின்னங்களைக் காட்டி விரலால் தொடச் சொல்ல வேண்டும். எங்கள் தொகுதியில் கூட்டணிக் கணக்கில் உதயசூரியனும் நிற்கவில்லை, இரட்டை இலையும் நிற்கவில்லை. கை, முரசு, மாம்பழம், அப்புறம் மற்றவை. நெல்லிக்குப்பம் தாண்டி ஒரு கிராமத்தில் ஒரு ஆயா திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, "சூரியன எங்கடி ஒளிச்சு வெச்ச?" என்று சண்டைக்கு வந்துவிட்டார். "இந்தத் தடவை நம்ம ஊர்ல சூரியன் இல்ல ஆயா" என்றேன். "அப்ப எனக்கு ஓட்டும் இல்ல" என்று எழுந்து போய்விட்டார். ஓட்டுப் போட மாட்டார் என்று பதிந்தேன். தேர்தல் அன்று யாராவது சொல்லிக்கொடுத்துக் கையில் போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு டேப்லட்டில் பட்டன் இல்லை.

இப்போது வாத்தியார் ஐயாவுக்கு ஒரு விஷயம். இது எனக்கே உறுத்தல்தான். "சொல்ல விருப்பமில்லை" என்று ஒரு பட்டன் உண்டு. முதல் இரண்டு நாள் நேர்மையாக அதைத்தான் போட்டேன், இருபதில் எட்டு பேர் அப்படி. சூப்பர்வைசர் போன் செய்து, "இத்தனை பேர் சொல்லலைன்னா நீ சரியா கேட்கலைன்னு அர்த்தம், மூணுக்கு மேல வந்தா பார்ம் ரிஜெக்ட்" என்றார். ரிஜெக்ட் ஆனால் 40 ரூபாய் போச்சு. அப்புறம் என்ன செய்தோம்? வாசலில் என்ன கொடி, சுவரில் எந்தக் கட்சிக் காலண்டர், அது என்ன தெரு என்று பார்த்தோம். ஊரா, காலனியா என்று பார்த்தோம். பார்த்துவிட்டு டிக் போட்டோம். மாம்பழம் யார் தெரு, கை யார் தெரு என்று எங்களுக்கு நாங்களே ஒரு கணக்கு வைத்துக்கொண்டோம். மக்கள் பொய் சொன்னது பாதி என்றால் நாங்கள் எழுதிய பொய் மீதி.

கடைசி வாரக் காசு இன்னும் வரவில்லை. அந்த நிறுவனத்தின் போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

#7 கணக்குவாத்தியார் | 7 ஜூலை, 8.15

அம்மா, இதைப் படித்துவிட்டு காபி ஆறிப்போய்விட்டது. "சொல்ல விருப்பமில்லை" என்பதும் ஒரு விடைதான். அதைத் தூக்கி எறிந்தால் மிச்சம் இருப்பதற்கு என்ன பிழைக்கணக்குப் போடுவது?

ஒன்று மட்டும் சொல்கிறேன். எல்லோரும் இப்படி இல்லை. வாக்காளர் பட்டியலில் இத்தனையாவது பெயர் என்று எடுத்து, அதே ஆளைத் தேடி வீட்டுக்குப் போய், மாதிரி வாக்குச்சீட்டைக் கொடுத்துப் பெட்டியில் மடித்துப் போடச் சொல்கிறவர்களும் உண்டு. டெல்லியில் லோக்நிதி என்ற ஆய்வு அமைப்பு 1990களிலிருந்து அந்த முறையில்தான் வேலை செய்கிறது. கேட்கிறவருக்கே விடை தெரியாது. முதுநகர்வாசியின் அம்மாகூட அதில் உண்மையாகப் போட்டிருக்கலாம்.

#8 பலாச்சுளை | 7 ஜூலை, 8.40

பெட்டி முறையை ஒரு தடவை எக்ஸிட் போலில் பார்த்தேன் ஐயா. தேவனாம்பட்டினத்தில். பெட்டியைப் பக்கத்து வலைக்குவியல் மேல் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஒருத்தர் சீட்டை மடித்துப் போடாமல் தலைக்கு மேல் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பின்னால் வந்த ஏழு பேரும் அதையே போட்டார்கள்.

#9 பாகூர்_ஏரிக்கரை | 7 ஜூலை, மதியம் 1.30

எல்லோரும் கணிப்பு சரியா தப்பா என்றே பேசுகிறீர்கள். கட்சியில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு இப்போது விவசாயம் பார்க்கிறேன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். கணிப்பு என்பது சரியாகச் சொல்வதற்கு எடுப்பது இல்லை. சீட் பேசுவதற்கு எடுப்பது.

கூட்டணிப் பேச்சுவார்த்தைக்குப் போகும்போது பையில் ஒரு சர்வே இருக்க வேண்டும். "எங்களுக்கு இந்தத் தொகுதியில் 12 சதவீதம்" என்று மேசையில் வைப்பார்கள். எதிரில் இருப்பவரும் ஒன்றை எடுத்து வைப்பார், அதில் நமக்கு 4 சதவீதம். கடைசியில் இரண்டையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, போன தேர்தலில் என்ன கொடுத்தோம் என்று பேசி முடிப்பார்கள். வேட்பாளர் தேர்விலும் இதே கதைதான். என்னோடு சீட் கேட்ட ஒருவர் தன் சொந்தக் காசில் சர்வே எடுத்துத் தலைமைக்கு அனுப்பினார். அவர்தான் முதலிடம் என்று வந்தது. வராமல் இருக்குமா?

பெரிய கட்சிகளின் கதை வேறு. 2021 தேர்தலுக்காகத் திமுக ஐபேக் என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தைக் கூட்டிவந்த பிறகு உள்சர்வே என்பது ஒரு தனித் துறையாகவே ஆகிவிட்டது. அதில் பொய் குறைவு, ஏனென்றால் அது வெளியில் வராது. வெளியில் வருவது விளம்பரம், உள்ளே இருப்பது மருத்துவ ரிப்போர்ட். தன் ரத்தப் பரிசோதனை முடிவை யாராவது தெருவில் ஒட்டுவார்களா?

இன்னொன்று. புதுச்சேரியில் கட்சியை வைத்துக் கேட்பதே தப்பு. இங்கே எம்எல்ஏ என்பவர் காதுகுத்துக்கு வருகிறவர், சாவு வீட்டில் மாலையோடு நிற்கிறவர், ராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுச் சொல்கிறவர். 33,000 பேரில் பாதிப் பேரை அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். 2021ல் 30க்கு 6 சுயேச்சை ஜெயித்தது ஏன் என்று நினைக்கிறீர்கள்? காங்கிரசுக்கே 2 தான். டேப்லட்டில் "மற்றவை" என்று ஒரு கட்டம் இருக்கும், அதற்குள் எங்கள் ஊர் அரசியலே உட்கார்ந்திருக்கும்.

#10 கோட்டக்குப்பம்_பாய் | 7 ஜூலை, 2.05

முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது என்னை மறித்து, "புதுச்சேரி முதல்வர் யார் வரணும்?" என்று ஒரு தம்பி கேட்டான். நான் விழுப்புரம் மாவட்டம், எனக்கு அங்கே ஓட்டே கிடையாது. சொன்னேன். "பரவாயில்ல பாய், சொல்லுங்க" என்றான். சொல்லிவிட்டு வந்தேன்.

#11 மஞ்சக்குப்பம்_வக்கீல் | 7 ஜூலை, 4.45

"தடை செய்யலாமா" என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள். சட்டம் இருக்கும் நிலை இதுதான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 126ஏ என்ற பிரிவு, 2009 திருத்தத்தில் வந்தது. முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்கியதிலிருந்து கடைசிக் கட்டம் முடிந்து அரை மணி நேரம் வரை எக்ஸிட் போல் வெளியிடக் கூடாது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். நாம் ஏப்ரல் 19ல் போட்ட ஓட்டின் கணிப்பு ஜூன் 1 வரை பூட்டிக் கிடந்தது இதனால்தான். தேர்தலுக்கு முந்தைய கருத்துக்கணிப்புக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. அந்தந்தத் தொகுதியில் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் மட்டும் டிவி, ரேடியோ போன்றவற்றில் காட்டக் கூடாது.

தேர்தல் ஆணையம் 1998ல் வெறும் அறிவுறுத்தல் மூலமாகவே தடுக்கப் பார்த்தது. சட்டத்தின் துணை இல்லாமல் அமல்படுத்த முடியாது என்று 1999ல் உச்ச நீதிமன்றத்தில் நின்றுபோனது. 2013ல் ஆணையம் கட்சிகளிடம் கருத்துக் கேட்டபோது காங்கிரஸ் தடைக்கு ஆதரவு, பாஜக எதிர்ப்பு. அப்போது கணிப்புகள் யார் பக்கம் இருந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை. 2004ல் பாஜக அணிதான் மறுபடி வரும் என்று பெரும்பாலான கணிப்புகள் சொல்லி, காங்கிரஸ் 145, பாஜக 138 என்று வந்ததும் நினைவிருக்கட்டும். தோற்பதாகக் காட்டினால் தடை, ஜெயிப்பதாகக் காட்டினால் கருத்துச் சுதந்திரம். எல்லாக் கட்சிக்கும் பொருந்தும்.

என் கருத்து, தடை கூடாது. யார் காசு கொடுத்தார்கள், எத்தனை பேர், எந்தத் தேதி, எத்தனை பேர் பதில் சொல்லவில்லை, எந்தக் கேள்வியை எந்த வார்த்தையில் கேட்டார்கள் என்று போடச் சொல்ல வேண்டும். இங்கே பலாச்சுளை சொன்ன "சொல்ல விருப்பமில்லை" எண்ணை மட்டும் வெளியிட்டிருந்தாலே பாதிக் கணிப்பின் சாயம் வெளுத்திருக்கும்.

#12 உழவர்கரை_ஷேர்மார்க்கெட் | 7 ஜூலை, 5.10

தடை செய்தால்தான் நல்லது. ஜெயிக்கிற கட்சிக்குப் போட்டால்தான் ஓட்டு வீணாகாது என்று நினைப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? டிவியில் ஒரு பெயரைப் பத்து நாள் காட்டினால் போதும்.

#13 மஞ்சக்குப்பம்_வக்கீல் | 7 ஜூலை, 5.22

தடை செய்தால் அந்த இடத்துக்கு என்ன வரும்? "உளவுத்துறை ரிப்போர்ட்" வரும். வாட்ஸ்அப்பில் 234 தொகுதிக்கும் பெயர் போட்டு, மேலே "ரகசியம்" என்று எழுதி. எந்த உளவுத்துறை அதை வாட்ஸ்அப்புக்காக டைப் அடிக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. குறைந்தபட்சம் சர்வே நிறுவனத்துக்கு ஒரு முகவரியாவது இருக்கிறது.

(பலாச்சுளையிடம் போன் அணைத்து வைத்திருப்பவர்களைத் தவிர. அம்மா, வேலைக்கான மெசேஜ், வங்கிப் பதிவு எல்லாம் பத்திரமாக வைத்திருங்கள். தனிச்செய்தியில் வாருங்கள்.)

#14 முதுநகர்வாசி | 7 ஜூலை, 9.00

முகவரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. சின்னப் பிள்ளைகள் படிக்கும் இழைதான், ஆனாலும் சொல்லாமல் விட முடியாது.

2007 மே 9. "கலைஞரின் அரசியல் வாரிசு யார்" என்று தினகரனில் ஒரு கருத்துக்கணிப்பு. ஸ்டாலினுக்கு 70 சதவீதம், அழகிரிக்கு 2 சதவீதம். மதுரையில் பஸ்கள் மேல் கல் விழுந்தது, தினகரன் அலுவலகம் எரிந்தது. உள்ளே இருந்த ஊழியர்கள் மூன்று பேர் செத்துப்போனார்கள். நான்கே நாளில், தினகரனை நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த தயாநிதி மாறன் மத்திய அமைச்சர் பதவியை விட்டார். 2009ல் கீழ்க்கோர்ட் எல்லோரையும் விடுதலை செய்தது. 2019ல்தான் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

அன்றைக்கு நான் கடலூரில் ஒரு அச்சகத்தில் இருந்தேன். முதலாளி பேப்பரை மடித்து மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "இனி நம்ம கடையில் சர்வே நோட்டீஸ் எதுவும் அடிக்க வேண்டாம்" என்றார். அதற்கு முன்னால் ஒன்றும் அடித்ததும் இல்லை.

அந்த மூன்று பேர் யாரையும் கருத்துக் கேட்கவில்லை, யாருக்கும் சதவீதம் போடவில்லை. வேலைக்கு வந்திருந்தார்கள்.

#15 பாகூர்_ஏரிக்கரை | 7 ஜூலை, 9.25

ஆமாம். அந்த எண்ணில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஊரில் எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததுதான். அதை எண்ணாக்கி முதல் பக்கத்தில் போட்டதும் வேறு ஆகிவிட்டது. வாய்ப்பேச்சுக்கு மறுப்பு சொல்லலாம், சதவீதத்துக்கு என்ன சொல்வது?

#16 வைசியாள்_வீதி | 8 ஜூலை, அதிகாலை 12.40

இழையின் கனத்தை மாற்றுவதற்கு மன்னிக்கவும், ஆனால் இதைவிடப் பொருத்தமான ராத்திரி கிடைக்காது. எதிர்வீட்டு சொல்தா தாத்தா வீட்டிலிருந்து இப்போதுதான் வருகிறேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர், எண்பது தாண்டிவிட்டது. பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலின் இரண்டாம் சுற்று முடிவு பார்க்க என்னையும் கூப்பிட்டார். அங்கே இரவு எட்டு மணி என்றால் நமக்குப் பதினொன்றரை.

ஒரு வாரமாகக் கணிப்பு எல்லாம் தீவிர வலதுசாரியான லெ பென் கட்சிதான் முதலிடம் என்றது. எட்டு மணிக்குத் திரையில் வந்தது, இடதுசாரிக் கூட்டணி முதலிடம், லெ பென் அணி மூன்றாவது! தாத்தா துள்ளிக் குதித்ததில் பாட்டி எழுந்து வந்துவிட்டார்.

நான் "எக்ஸிட் போலை நம்பாதீங்க தாத்தா, ஜூன் 4 ஞாபகம் இல்லையா?" என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார். அந்த எட்டு மணி எண் வாசலில் ஆளை மறித்துக் கேட்டது இல்லையாம். சீக்கிரம் மூடும் வாக்குச்சாவடிகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, அங்கே காகிதச் சீட்டுகளைப் பிரித்து எண்ணும்போதே அந்த எண்ணிக்கையை வைத்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். உண்மையான ஓட்டு. திண்ணை இல்லை, எதிர்வீடு இல்லை, 40 ரூபாய் இல்லை.

முந்தைய கணிப்புகள் தப்பானதற்கும் ஒரு காரணம் சொன்னார். முதல் சுற்றுக்குப் பிறகு 200க்கும் மேற்பட்ட வேட்பாளர்கள் ஒருவருக்காக ஒருவர் விலகிக்கொண்டார்கள். விலகியவரின் ஓட்டு எங்கே போகும் என்பதை ஓட்டுப் போடுகிறவரே கடைசியில்தான் முடிவு செய்கிறார். நம் ஊர்க் கூட்டணி மாதிரிதான். பலாச்சுளையின் சூரியன் ஆயா அங்கேயும் இருப்பார் போல.

#17 கணக்குவாத்தியார் | 8 ஜூலை, 6.30

தாத்தாவுக்கு என் வணக்கம். மிகச் சரி. நம் ஊரில் மின்னணு இயந்திரம், அன்றைக்கே எண்ணுவதும் இல்லை, அதனால் அந்த முறைக்கு வழி கிடையாது.

இரண்டு நாள் யோசித்தேன். #3ல் நான் போட்ட மூன்று சதவீதக் கணக்கு கேட்கிற பக்கத்துக் கணக்கு. சொல்கிறவர் யாரிடம் சொல்கிறார், யார் காதில் விழும் என்று நினைக்கிறார் என்பதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதினேன், ஒரு தடவைகூடத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டதில்லை.

#18 உழவர்கரை_ஷேர்மார்க்கெட் | 13 ஜூலை, மாலை 4.15

விக்கிரவாண்டி முடிவு வந்துவிட்டது. திமுக 67,757 ஓட்டு வித்தியாசத்தில். அதிமுக நிற்கவே இல்லை, பாமக இரண்டாவது. இதற்குக் கணிப்பே தேவைப்படவில்லை, எங்கள் தெரு இஸ்திரி வண்டிக்காரர் சரியாகச் சொன்னார். மனைவிக்குத் தொகை தெரிந்துவிட்டது.

#19 பலாச்சுளை | 13 ஜூலை, இரவு 8.20

வக்கீல் ஐயா சொன்னபடி மெசேஜ் எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன், நன்றி. நேற்று வேறொரு நிறுவனத்திலிருந்து அழைப்பு. அடுத்த சட்டமன்றத்துக்கு இப்போதே தொகுதிவாரியாக ஆரம்பிக்கிறார்களாம். பார்முக்கு 50 ரூபாய். "சொல்ல விருப்பமில்லை எத்தனை போடலாம்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரித்தார்கள். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. வீட்டு வாடகை ஐந்தாம் தேதி.

#20 முதுநகர்வாசி | 13 ஜூலை, 9.05

இழை முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். 1936, 126ஏ, பிரான்ஸ் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினார். 40 ரூபாய் இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"பார்முக்குத்தான் காசா? அந்தப் பொண்ணு கடைசில பத்து கேள்வி பாக்கி வெச்சுட்டுப் போனாளே, நான் அடுப்புல குழம்பு இருக்குன்னு எழுந்துட்டேனே. அதனால காசு பிடிச்சிருப்பானா?"

தெரியாது என்றேன்.

"அடுத்த தடவை வந்தா எல்லாத்துக்கும் உக்காந்து சொல்லணும்" என்றார்.

"உண்மையைச் சொல்லுவியா?"

"அது எதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.